கப்பலில் ஒரே ஒரு பிளக்

கொச்சித் துறைமுகத்தில் மருதாத்தாளின் பையைச் சோதித்த காவலர், உள்ளேயிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இரண்டே விரலால் வெளியே தூக்கிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். செத்த எலியைக்கூட யாரும் அவ்வளவு அருவருப்பாகத் தூக்க மாட்டார்கள். கனமான மரப்பெட்டி, நான்கு பிளக், ஒரு சிவப்பு விளக்கு, பாம்பு தடிமனுக்குக் கறுப்பு வயர். அவள் ஊரான பெருமாட்டியில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லா வீட்டிலும் இருக்கும் சாமான்தான்.

"அம்மே, இது கப்பலில் பாடில்லா, கூடாது" என்றார் காவலர்.

"ஏனுங்க, நல்ல வயருங்க. எங்கூட்டு கிரைண்டரே இதுலதானுங்க ஓடுது!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பாக்ஸுக்கு ஒரு சீட்டுக் கட்டி, திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லி மூலையில் போட்டுவிட்டார் காவலர். மருமகள் மௌனிகா யாரோ எவரோ என்பதுபோல இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். மகன் பிரதீப்தான் அம்மாவின் தோளைத் தொட்டு, "விடும்மா, நாம பாத்துக்கலாம்" என்றான். பெற்ற பிள்ளை பிள்ளைதான் என்று அந்த நிமிடம் மருதாத்தாளுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. பாவம்.

கப்பலுக்குப் போகிற பெண்கள் முதலில் சேலை எடுத்து வைப்பார்கள். மருதாத்தாள் முதலில் எடுத்து வைத்தது சார்ஜரையும் இந்தப் பாக்ஸையும்தான். அவளுடைய போன் அணையக் கூடாது. பெருமாட்டியில் அவளுக்கு ஒரு தென்னந்தோப்பு, அதன் நடுவில் ஒரு கிணறு. மோட்டார் ரூமில் சுவரில் ஒரு பொட்டி, பொட்டிக்குள் ஒரு சிம். தன் பட்டன் போனிலிருந்து அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும்; இரண்டை அழுத்தினால் நிற்கும். வேறு யார் மோட்டாரைப் போட்டாலும் பொட்டி தானாகவே அவளைக் கூப்பிட்டு, பதிவு செய்த பெண் குரலில் விவரம் சொல்லிவிடும். அந்தக் குரலுக்கு மருதாத்தாள் பொட்டிக்காரி என்று பெயர் வைத்திருந்தாள். கிணற்றில் தண்ணீர் தீர்ந்தால் அதையும் பொட்டிக்காரி சொல்வாள் என்று, மாட்டிவிட்ட மெக்கானிக் ஒரு தடவை ஓட்டிக் காட்டினான். அதற்கப்புறம் மருதாத்தாள் அதைக் கேட்டதே கிடையாது. அவள் கிணறு அப்படிப்பட்ட கிணறு.

கோடை வந்துவிட்டால் பஞ்சாயத்துக் குழாயில் காற்றுதான் வரும். தெரு மொத்தமும் குடத்தோடு மருதாத்தாளின் தோப்பு முகப்புக்கு வந்துவிடும். விடிந்ததும் அவள் ஒன்றை அழுத்துவாள். குழாயில் தண்ணீர் கொட்டும். மளிகைக் கடை பரீதின் மனைவி சௌதா வரிசையைப் பார்த்துக்கொள்வாள். "என்ற கெணத்துல ஊத்து இருக்கற வரைக்கும் இந்தத் தெருவுல ஒருத்தரும் தண்ணிக்கு அலைய வேண்டாமுங்க" என்று, கணவர் கந்தப்பன் இறந்த வருஷம் எல்லார் முன்னாலும் நின்று சொன்னவள் அவள். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. சொன்ன வாய் ஒன்றுதான். பெருமாட்டியில் அது போதும்.

பிரதீப்புக்கு அது போதவில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்ப்பவன், போன கோடையில் ஒரு டேங்கர் லாரிக்காரனைத் தோப்புக்கே கூட்டி வந்துவிட்டான். "ஊருக்குச் சும்மா ஊத்தற தண்ணிய லாரிக்கு ஊத்துனா என்னம்மா?" என்று கேட்டான். "எனக்கு உசுரு இருக்கற வரைக்கும் நடக்காது சாமி" என்று சொல்லி, வந்தவனுக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். பிரதீப் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவன் போனவன்தான். தீபாவளிக்குக்கூட வரவில்லை.

அப்படிப்பட்டவன் இந்த மாசி கடைசியில் பழக்கூடையோடு வந்து, "அம்மா, உன்னைக் கப்பல்ல கூட்டிட்டுப் போகப் போறேன். தீவு வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றால் எந்தத் தாய்க்குத்தான் தலைகால் புரியும்? கோபமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தாள். தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சௌதாவிடம் மட்டும் நான்கு தடவை சொல்லியிருப்பாள். ஊரில் இல்லாத நாளில் மோட்டார் போட, தம்பி நஞ்சப்பனின் எண்ணையும் பொட்டியில் ஏற்றிச் சாவியையும் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

கப்பலில் அவர்களுக்குக் கொடுத்த அறை சின்னது. மூன்று கட்டில், ஒரு வட்டச் சன்னல், ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே ஒரே ஒரு பிளக். உள்ளே நுழைந்ததும் மருதாத்தாள் சார்ஜரை எடுத்துக்கொண்டு நேராக அங்கேதான் போனாள்.

"அம்மா, அம்மா, போட்டுடாத!" பிரதீப் ஓடி வந்து கையைப் பிடித்தான். "அந்தப் பெட்டிய எதுக்குப் புடுங்கி வச்சாங்கன்னு நெனக்கற? கப்பல் கரண்ட் வேற மாதிரி. உன்றது லோக்கல் சார்ஜரு. போட்டீன்னா பியூஸ் போயி மொத்தக் கப்பலும் இருட்டாயிடும்."

"அப்படீங்கறயா?"

"பின்ன? ஆயிரம் பேரு நடுக்கடல்ல இருட்டுல உக்காந்திருப்பாங்க, உன்னால."

பொய் சொல்வதிலும் ஒரு சாமர்த்தியம் வேண்டுமே. அவளுக்கு எங்கே வலிக்கும் என்று அறிந்து, அந்த இடத்தில் விரலை வைத்தான். தன்னால் நாலு பேருக்குத் தொந்தரவு என்றால் மருதாத்தாள் சோறு கூட இறங்காமல் உட்கார்ந்துவிடுவாள். பெட்டியைப் பிடுங்கியதைத் தன் கண்ணாலேயே பார்த்தாளா இல்லையா? பையன் படித்தவனா இல்லையா? சார்ஜரைச் சுருட்டிப் பையில் போட்டாள்.

"நஞ்சப்பன் கூப்புட்டா?"

"மாமன் என்ற போனுக்குக் கூப்புடும். நீ சுச்சு ஆப் பண்ணி வச்சுக்க. வந்ததுக்கு நிம்மதியா இரும்மா."

அணைத்து இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் நிம்மதியாகத்தான் இருந்தாள், சொல்லப்போனால் சந்தோஷமாகவே. கரை மறைந்து, எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீராக இருப்பதைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "இத்தனை தண்ணியும் உப்பாப் போச்சே" என்று அங்கலாய்த்தாள். பிரதீப் தட்டில் பலகாரம் எடுத்து வந்து கொடுத்தான், கைத்தாங்கலாக மேல்தளத்துக்குக் கூட்டிப் போனான், போட்டோ எடுத்தான். மௌனிகா "அத்தை, குளிருதுங்களா?" என்று தன் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பெண் இவ்வளவு பிரியமாக நடந்துகொண்டதில்லை. மருதாத்தாளுக்குக் கண் நிறைந்தது.

ஒன்று மட்டும் அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அந்த ஒற்றைப் பிளக் ஒரு நிமிடம்கூடச் சும்மா இல்லை. பிரதீப்பின் போன் இறங்கினால் மௌனிகாவின் போன் ஏறும். அது இறங்கினால் கைக்கடிகாரம். அப்புறம் காதில் மாட்டுகிற குமிழ். அறையைப் பூட்டினால் கரண்ட் நின்றுவிடும், கதவுக்குப் பக்கத்துச் செருகலில் அறைச் சாவி அட்டை இருந்தால்தான் ஓடும் என்றதும், மௌனிகா தன் அழகு நிலைய அட்டையை அதில் செருகிவிட்டு வந்தாள். ஆள் இல்லாத அறையில்கூட ஏதாவது ஒன்று சார்ஜ் குடித்துக்கொண்டிருந்தது. அதெல்லாம் நல்ல சார்ஜர் போலிருக்கிறது என்று மருதாத்தாள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மௌனிகாவும் பிரதீப்பும் நீச்சல் குளத்துக்குப் போனார்கள். மருதாத்தாள் தனியாக நடந்து, காபி தரும் இடத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்கே இருந்த பெண்ணின் சட்டையில் ஜிஸ்மி என்று பெயர் குத்தியிருந்தது. இவள் சேலைக்கட்டைப் பார்த்தே தமிழில் பேசினாள்.

"உக்காருங்கம்மா. சீனி போடவா? எனக்குக் கம்பம்மெட்டு. ரோட்டுக்கு அங்கிட்டு இறங்குனா கம்பம். தமிழு எங்களுக்குத் தண்ணி பட்ட பாடு."

மருதாத்தாளுக்கு ஊரைக் கண்டதுபோல இருந்தது. காபியை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தவள் பார்த்தாள்: ஜிஸ்மிக்குப் பின்னால் நீளமான மேடையில் வரிசையாகப் பிளக்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு போன். அதில் ஒன்று அவளுடையது மாதிரியே பட்டன் போன், அவளுடையது மாதிரியே தெருவோரக் கடைச் சார்ஜர்.

"ஏங்கண்ணு, அதைப் போட்டா பியூஸ் போயிடாதா?"

ஜிஸ்மி சிரித்தாள். "எதுக்கும்மா போகுது? எல்லா ரூம்லயும் போடலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டுந்தான் கூடாது, சூடாகித் தீப்பிடிச்சிரும்னு. போன் சார்ஜருக்கு ஒண்ணுமில்ல. உங்க ரூம்ல யாரு போடக் கூடாதுன்னு சொன்னது?"

"என்ற பையன்தான். அவனுக்குத் தெரிஞ்சிருக்காது கண்ணு" என்றாள் மருதாத்தாள். சொன்ன உடனேயே காபியைக் கீழே வைத்துவிட்டாள். கோயம்புத்தூரில் நாலு பேருக்கு வேலை சொல்பவனுக்குப் பிளக்கைப் பற்றித் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னான். ஆனால் ஏன்? ஒரே பிளக்கில் மூன்றாவதாக அம்மாவின் போனுக்கும் இடம் விட மனம் வரவில்லை, அவ்வளவுதானே? அப்படித்தான் இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அந்த அற்பத்தனமே அவளுக்கு வலித்தது. அதற்கு மேலும் ஒன்று இருக்கும் என்று நினைக்க அவளுக்கு வரவில்லை.

"குடுங்கம்மா, நான் போட்டுத் தாரேன். தீவு வரப்போகுது, ரேஞ்ச் கிடைக்கும். ஊருக்குப் பேசலாம்" என்றாள் ஜிஸ்மி.

தீவு முதலில் ஒரு பச்சைக் கோடாகத்தான் தெரிந்தது. அதுவும் தென்னைமரம்தான். மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மருதாத்தாள் போனை அமுக்கினாள். உயிர் வந்தது. கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. ஏறிய கையோடு மணி அடித்தது. பொட்டிக்காரிதான்.

"மோட்டார் இயங்கிக்கொண்டிருக்கிறது."

இந்த நேரத்தில் எதற்கு? தெருவுக்குத் தண்ணீர் விட்டு எப்போதோ முடிந்திருக்குமே. நஞ்சப்பன் மறந்திருப்பான் என்று நினைத்து, கூப்பிட்டு இரண்டை அழுத்தினாள். "மோட்டார் நிறுத்தப்பட்டது" என்றாள் பொட்டிக்காரி. போனை இறக்குவதற்குள் மறுபடி மணி. "மோட்டார் இயங்கிக்கொண்டிருக்கிறது." இரண்டை அழுத்தினாள். நின்றது. மறுபடி ஓடியது. அந்தப் பக்கம் யாரோ பக்கத்திலேயே நின்றுகொண்டு, இவள் நிறுத்த நிறுத்த ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நஞ்சப்பனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

சௌதாவைக் கூப்பிட்டாள்.

"சௌதா, தோப்புல யாரு மோட்டார் போட்டிருக்கறா?"

சௌதா, மருதாத்தாள் இதுவரை கேட்டிராத மரியாதையோடு பேசினாள். "நீங்களே கேக்கறீங்களேக்கா. நேத்திருந்து டேங்கரு வந்துட்டு வந்துட்டுப் போகுதுங்க. ஓரத்துல மலையாளத்துல குடிவெள்ளம்னு எழுதியிருக்குதுங்க. நாங்க குடத்தோட போனோம். உங்க தம்பி கேட்டைச் சாத்திப் போட்டாருங்க."

"சாத்தறதா? யாரு சொல்லி?"

"நீங்க சொல்லித்தான்னாரு. கோடை முச்சூடும் லாரிக்குக் குடுத்துட்டதா உங்க பையனும் போன்ல சொல்லுச்சு, எங்கூட்டுக்காரர்கிட்ட. அம்மாவே ஒத்துக்கிட்டாங்கன்னு."

"சௌதா, நான்..."

"நாங்க நம்பலீங்கக்கா. நேர்ல கேட்டுக்கலாம்னு உங்களுக்கு எத்தன தடவ கூப்புட்டோம் தெரியுங்களா? சுச்சு ஆப், சுச்சு ஆப்புன்னே வந்துச்சு. உங்க போனு என்னிக்குங்கக்கா சுச்சு ஆப் ஆயிருக்குது? சரி, எங்க மூஞ்சில முழிக்கக் கூசித்தான் ஆப் பண்ணி வச்சுட்டாங்கன்னு உட்டுட்டோம்." குரல் உடைந்தது. "வேணாங்கறதுன்னா முன்னயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்கக்கா. சந்தோசமா இருந்துட்டு வாங்க."

வைத்துவிட்டாள்.

லாரி வந்தது கிடக்கட்டும். தண்ணீர் போனது கூடக் கிடக்கட்டும். தான் ஒளிந்துகொண்டதாகத் தெரு நினைத்துவிட்டதே! சுருக்குப்பையில் செத்துக் கிடந்த போன் அங்கே தெருவுக்கு அவள் பெயரால் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இவளோ சால்வை போர்த்திக்கொண்டு பலகாரம் தின்று போட்டோவுக்குச் சிரித்தாள். நினைக்க நினைக்கத் தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

ஈரத் தலையோடு பிரதீப் வந்தான். அம்மா காதிலிருந்து போனை எடுப்பதைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"போனு எப்புடிம்மா ஆன் ஆச்சு?"

அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான். யாரிடம் பேசினாய் என்றோ, ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்றோ கேட்கவில்லை. மருதாத்தாளுக்கு அதற்கு மேல் ஒரு சாட்சியும் தேவைப்படவில்லை.

"பியூஸ் போகலடா" என்றாள். "கப்பலு வெளிச்சமாத்தான் இருக்குது."

"அம்மா, நான் சொல்றதக் கேளு..."

"கேட்டைச் சாத்திப் போட்டானாமே உன்ற மாமன்?"

"மாமன்கிட்ட எல்லாம் பேசித்தான் செஞ்சேன். உன்கிட்டச் சொன்னா ஒத்துக்குவியா? ஒரு கோடைதானேம்மா. நானும் எத்தனை நாளைக்கு மாசச் சம்பளத்துலயே ஓட்டறது?" அக்கம்பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள், குரலைத் தாழ்த்தினான். "உனக்கும்தானே செஞ்சேன். இந்தக் கப்பலுக்கு நான் எங்க போவேன்? லாரிக்காரன் குடுத்த அட்வான்ஸ்லதான் டிக்கெட்டே போட்டேன்."

ஆக, அவள் கிணற்றை இறைத்துத்தான் அவளைக் கப்பலேற்றியிருக்கிறான். தின்ற பலகாரம், போர்த்திய சால்வை, பிடித்துக்கொண்டு நடந்த கை, எல்லாம் அந்தத் தண்ணீர். வேலி தாண்டி வந்து எவனாவது திருடியிருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருப்பாள். இவன் அவளையே ஊரைவிட்டுக் கிளப்பி, அவள் வாயை அணைத்து அவள் இடுப்பிலேயே செருகிவிட்டு, அவள் பெயரைச் சொல்லி அல்லவா எடுத்திருக்கிறான்.

கையிலிருந்த போன் மறுபடி அடித்தது. ஒலிபெருக்கி பட்டனில் விரல் பட்டுவிட்டதால் அவனுக்கும் கேட்டது.

"கிணற்றில் தண்ணீர் இல்லை. மோட்டார் நிறுத்தப்பட்டது."

பொட்டிக்காரி எப்போதும் போலவே இனிமையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் ஒரு தடவை சொன்னாள்.

"மழை பேஞ்சா ஊறிக்கும்மா" என்றான் பிரதீப்.

மருதாத்தாள் அவனைப் பார்த்தாள். இவனைக் கந்தப்பன் தோளில் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கிணற்றில்தான் நீச்சல் பழக்கினார். அது ஞாபகம் வந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அவன் முன்னால் அழப் பிடிக்கவில்லை. கம்பியை விட்டுவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் படியிறங்கி அறைக்கு வந்தாள்.

பிளக்கில் பிரதீப்பின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டாள். தன் லோக்கல் சார்ஜரை அங்கே செருகினாள். விளக்கு ஒன்றும் அணையவில்லை. வயர் குட்டையாக இருந்ததால் கண்ணாடியை ஒட்டி, குனிந்து நின்றுதான் பேச வேண்டியிருந்தது. பக்கத்திலேயே வட்டச் சன்னல், அதற்கு வெளியே தீவு. ரேஞ்ச் நன்றாக இருந்தது. சௌதாவைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்கக்கா" என்றாள் சௌதா, அதே மரியாதையோடு.

பின்னாலேயே வந்த பிரதீப் கதவருகே நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. மௌனிகா அவன் பின்னால், துண்டைப் போர்த்திக்கொண்டு. "அம்மா, தெருவுல போயி என்னைக் கேவலப்படுத்தாதம்மா. ஊருக்கு வந்து நான் பக்குவமாப் பேசிக்கறேன்" என்று கெஞ்சினான். இன்றுவரை இந்தப் பிள்ளையைப் பற்றி வெளியில் ஒரு குறை சொன்னவளில்லை அவள். தீபாவளிக்கு வராததற்குக்கூட லீவு கிடைக்கவில்லை என்று தெருவில் சொல்லி வைத்தவள்.

கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"சௌதா, நான் குடுக்கல. எனக்குத் தெரியவே தெரியாது. என்ற பையன் என்னை ஏமாத்திப் போட்டான். போனு அணைஞ்சதும் அவன் சொன்ன பொய்யாலதான். நீ இதை எல்லாருகிட்டயும் சொல்லு. அவன் பேரச் சொல்லியே சொல்லு."

வயர் இழுத்தது, இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

"கெணறு வறண்டு போச்சு சௌதா. நாளைக்குக் காலைல தண்ணி விட என்கிட்ட ஒண்ணுமில்ல. வந்து எல்லாரு முன்னாலயும் நிக்கறேன். திட்டறதுன்னா நேர்லயே திட்டுங்க. இனி என்ற போனு அணையாது."

பிரதீப் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். மருதாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குனிந்தபடியே, தெருவில் அடுத்த வீட்டு எண்ணைத் தேடி அழுத்தினாள்.